புரூஸ் ஃபூட் துரை

கஞ்சமலையையும் சேர்வராயன் மலையையும் சேலத்தில் நாடோறும் காண்கிறோம். ஆயினும் அவற்றை ஏடெனக் கொண்டு படித்தோமில்லை. படித்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் ஆங்கிலேயர்.

1834-ல் பிறந்த இவர், 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையிற் சேர்ந்தார். தமிழறிஞர் பெர்சிவல் ஐயரின் மகளை மணந்தார். வில்லியம் கிங் என்பாருடன் சேலம், திருச்சிராப்பள்ளி முதலிய ஜில்லாக்களின் பகுதிகளை நடந்து ஆராய்ந்து, கஞ்சமலையின் காந்த இரும்புக்கல்லையும் சேர்வராயன் அடிவாரத்து வெள்ளைக்கல்லையும் விவரிக்கும் நூலை 1864-ல் வெளியிட்டார்.

இதற்கிடையே, 1863 மே 30-ல், பல்லாவரத்துச் செஞ்சரளையில் ஆதிமனிதன் செதுக்கிய கருவியொன்றைக் கண்டெடுத்தார். அவ்வாண்டே இருவரும் அத்திரம்பாக்கத்திலும் அத்தகையன கண்டனர். அவ்விடத்துக் கருவிகள் ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுப் பழமையுடையன என 2011-ல் வெளியான ஆய்வு காட்டிற்று. இலக்கியமும் கல்வெட்டுமே நம் பழமைக்கு எல்லையென எண்ணிய நமக்கு, எழுத்தில்லாக் கல்லும் சான்றாயிற்று.

1891-ல் ஓய்வுபெற்ற பின்னரும் இவர் தேடல் ஓயவில்லை. தாம் திரட்டிய தொல்பொருள்களை 1904-ல் சென்னை அரும்பொருட்சாலைக்கு விற்றார். 1912-ல் கல்கத்தாவில் மறைந்தார். ஏற்காட்டுத் திரித்துவ ஆலயத்தில் இவர் நினைவுக்கல் உளது.

சுவடி செல்லரித்தால் மறுபிரதி கிட்டலாம். வெட்டியெடுத்த மலைக்கோ பிரதியில்லை. ஆதலின், அழியுமுன் அவற்றைப் படித்தறிதல் நம் கடனாகும்.