எலினார் அம்மாவும் யுத்தகாலத்துப் பிள்ளைகளும்

ஆண்டு மலருக்கு ஒரு தலைவரோட வாழ்க்கையை எழுதித் தாங்கன்னு கேட்டாங்க. நம்ம ஊர்த் தலைவர்களைப் பத்தி மத்த குழுக்காரங்க எழுதுறாங்க. அதனால நான் ஒரு அமெரிக்க அம்மாவை எடுத்துக்கிட்டேன். பேரு எலினார் ரூஸ்வெல்ட். 12 வருஷம் அந்த நாட்டு ஜனாதிபதியா இருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி. என் மக கல்லூரி நூலகத்துல எடுத்து வந்த புத்தகத்தை ராத்திரி ராத்திரி எனக்கு வாசிச்சுக் காட்டினா. ஏன் இந்த அம்மான்னு போகப் போகத் தெரியும்.

1884-ல் நியூயார்க்கில் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தார். பத்து வயசு நிறையறதுக்குள்ள தாயும் போயாச்சு, தகப்பனும் போயாச்சு. பாட்டி வளர்த்தார். 1905-ல் தூரத்துச் சொந்தமான பிராங்க்ளினோடு கல்யாணம். பெற்றது ஆறு. ஒண்ணு கைக்குழந்தையிலேயே தவறிடுச்சு. வீட்டில் ஆயாக்கள் இருந்தார்கள், போதாததுக்கு மாமியார் ராஜ்யம். பிள்ளை வளர்க்கத் தனக்குத் தெரியலைன்னு அவரே பின்னாளில் ஒத்துக்கிட்டார். மகளுக்கு நல்ல காத்து படணும்னு கம்பிவலைப் பெட்டியில் போட்டு ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டாராம்! பக்கத்து வீட்டம்மா புகார் கொடுப்பேன்னு மிரட்டினதுக்கு அப்புறம்தான் விட்டார்.

1917-ல் அமெரிக்கா முதல் உலக யுத்தத்தில் இறங்கியது. வீட்டில் சாப்பாட்டுச் சாமானை மிச்சம் பிடிக்கச் சொல்லி அரசாங்கம் கேட்டது. ஒரு பெரிய பத்திரிகை எலினார் வீட்டை மாதிரி வீடு என்று எழுதியது. ஏழு பேர் குடும்பம், அதில் பத்து வேலையாட்கள்! பத்து பேரை வச்சு எப்படிச் சிக்கனம் பண்றேன்னு இவர் சொன்னதும் அச்சில் வந்துவிட்டது. புருஷனே கேலி பண்ணினார். அந்த வெட்கம் அவரை மாத்துச்சுன்னுதான் நான் நினைக்கிறேன். அடுத்த வருஷமே வாஷிங்டன் ரயில் நிலையத்தில், செஞ்சிலுவைச் சங்கத்து உணவுக்கூடத்தில், சண்டைக்குப் போற பையன்களுக்கு ரொட்டி அறுத்துக் காப்பி கொடுத்துக்கிட்டு நின்னார். ரொட்டி அறுக்கிற மெஷினில் விரல் எலும்பு வரைக்கும் வெட்டுப்பட்டது. தழும்பு கடைசி வரை இருந்தது.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. பெர்ல் துறைமுகத்தில் ஜப்பான் குண்டு போட்டது. ஜனாதிபதி நாடாளுமன்றத்தில் பேசியது மறுநாள்தான். அன்னிக்கு ராத்திரியே ரேடியோவில் பெண்களிடம் பேசியவர் எலினார். இவருடைய நாலு மகன்களும் ராணுவத்தில் இருந்தார்கள். அதனால தாய்மார்கள் காது கொடுத்துக் கேட்டாங்க.

ஊர்ப் பாதுகாப்பு அலுவலகத்தில் சம்பளம் இல்லாத பதவி ஒண்ணு வகித்தார். தெரிந்த நாட்டியக்காரப் பெண் ஒருத்திக்கு அங்கே வேலை கிடைக்க, பெரிய கூச்சல் எழும்பியது. 1942 பிப்ரவரியில் விலகினார். வேண்டியவங்களை உள்ளே விட்டா என்ன பேச்சு வரும்னு நமக்குத் தெரியாததா?

அந்த வருஷமே ரேஷன் வந்தது. சர்க்கரை ஒரு ஆளுக்கு வாரத்துக்குக் கால் கிலோவுக்கும் குறைச்சல். காப்பித்தூள் அஞ்சு வாரத்துக்கு அரை கிலோகூட இல்லை. கறிக்கும் வெண்ணெய்க்கும் சிவப்புக் கூப்பன், டப்பா உணவுக்கு நீலக் கூப்பன். காருக்கு பெட்ரோல் அளவு. சட்டியில் மிஞ்சின கொழுப்பை வடிகட்டி டப்பாவில் சேர்த்துக் கறிக்கடையில் கொடுக்கணும். அதிலிருந்து கிளிசரின் எடுத்து வெடிமருந்து செய்தார்கள். ஜனாதிபதி மாளிகைக்கும் ரேஷன் உண்டு. 1943-ல் மாளிகைப் புல்வெளியிலேயே காய்கறிப் பாத்தி போட வச்சார் எலினார். வேளாண்மைத் துறைக்காரங்களுக்கு முதலில் அதில் இஷ்டமில்லை. அந்த வருஷம் நாடு முழுக்க சுமார் 2 கோடி வீட்டுத் தோட்டங்கள்.

இனிதான் நான் சொல்ல வந்த விஷயம். ஆண்கள் போர்முனைக்குப் போக, கப்பல் கட்டவும் விமானம் செய்யவும் பெண்களைக் கூப்பிட்டார்கள். யுத்தத்துக்கு முன்னால் வேலைக்குப் போனவர்களைவிட 50 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கூடுதலாக வந்தார்கள். பிள்ளையை யார் பார்ப்பது? சிலர் காருக்குள்ளேயே பூட்டி வச்சுட்டுப் போனாங்க. நாலு மாசக் குழந்தையைப் பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட விட்டுட்டுக் களை எடுக்கப் போனவள் நான். மாரு கனத்துப் போய் வரப்புல நின்னது எனக்கு மறக்காது.

1942 அக்டோபரில் இங்கிலாந்து போன எலினார், அங்கே வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு இருந்த காப்பகங்களைப் பார்த்தார். திரும்பி வந்து இங்கேயும் வேணும்னு விடாமல் கேட்டார். வேலைக்காரப் பெண்களின் பிள்ளைகளுக்கு அரசாங்கப் பணத்தில் சுமார் 3,000 காப்பகங்கள் நடந்தன. போர்ட்லண்ட் நகரத்துக் கைசர் கப்பல் தளங்களின் வாசலிலேயே 1943 நவம்பரில் ரெண்டு காப்பகம் திறந்தார்கள். மூணு ஷிப்டுக்கும் திறந்திருக்கும். ஒன்றரை வயசிலிருந்து ஆறு வயசு வரைக்கும் சேர்க்கலாம். கூடவே நர்ஸ் உண்டு. வெல்டிங் முடிச்சு வர்ற தாய், ராத்திரிச் சாப்பாட்டையும் அங்கேயே காசு கொடுத்து வாங்கிட்டுப் பிள்ளையோட வீட்டுக்குப் போகலாம். என் மக இதை வாசிச்சப்போ, இன்னொரு தரம் வாசின்னேன்.

1945 ஏப்ரலில் கணவர் இறந்தார். பிறகு ஐ.நா. சபையில் மனித உரிமைப் பிரகடனம் உருவாக முன்னின்றார். 1952-ல் இந்தியாவுக்கும் வந்து போனார். 1962-ல் மறைந்தார்.

யுத்தம் முடிஞ்சதும் பெண்களை வீட்டுக்கு அனுப்பினாங்க. காப்பகங்களுக்குப் பணத்தை நிறுத்தினாங்க. வாரத்துக்கு ஆறு நாள் பத்திரிகையில் எழுதி வந்த எலினார், இது யுத்தத்துக்கு மட்டும் வந்த தேவை இல்லை, எப்பவும் இருக்கிற தேவைதான் என்ற கருத்தை 1945 செப்டம்பரில் எழுதினார். 1946 பிப்ரவரியோடு மத்திய அரசின் பணம் நின்றது. பெரும்பாலான இடங்களில் கதவைச் சாத்தினார்கள். கலிபோர்னியாவில் தாய்மார்கள் சும்மா இருக்கலை. மாநில அரசாங்கத்துக்கு எழுதினாங்க, நேரிலேயும் போனாங்க. அங்கே காப்பகங்கள் மூடப்படவில்லை.

நம்ம தையல் கூடத்துப் பக்கத்து அறையில் தொட்டில் கட்டணும்னு மூணு கூட்டமா கேட்டுக்கிட்டிருக்கேன். தீர்மானம் அடுத்த மாசம் மறுபடி வருது. கைக்குழந்தை உள்ளவங்க, குழந்தையோடவே கூட்டத்துக்கு வாங்க.