போதகர் வீட்டுத் துப்பாக்கி

டெக்சாஸ் மாநிலத்தில் குடியிருக்கும் என் அண்ணன் மகன் சென்ற மாதம் ஒரு ரிவால்வர் வாங்கியிருக்கிறான். அடுத்த தெருவில் நடந்த ஒரு திருட்டுதான் காரணம். வாங்கிய செய்தியைச் சொல்ல அவனுக்கு இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது. அதில் எந்தத் தோட்டாவைப் போடுவது என்பதைச் சொல்ல அரை மணி நேரம் பிடித்தது. உருண்டை முனை கொண்ட சாதாரண ஈயத் தோட்டா ஆளைத் துளைத்து வெளியேறி, பின்னாலுள்ள சுவரையும் துளைத்துவிடக்கூடும். முனையில் குழி உள்ள தோட்டா உடலில் பட்டவுடன் விரிந்து, வேகமிழந்து, பெரும்பாலும் உள்ளேயே தங்கிவிடும். அங்கெல்லாம் வீட்டின் உட்சுவர் செங்கல் அல்ல. மரச்சட்டங்களின்மேல் அறைந்த ஜிப்சம் பலகை. கூடத்துக்கும் குழந்தை உறங்கும் அறைக்கும் நடுவே இருப்பது அந்தப் பலகைதான். ஆகவே விரியும் தோட்டாவே உத்தமம் என்று முடிவு செய்திருந்தான்.

விரியும் தோட்டாவுக்கும் நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. 1890களில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதத் தொழிற்சாலையில் ஆங்கிலேயர் செய்த தோட்டாவின் பெயரே அவ்வகைக்கு உலகெங்கும் நிலைத்தது. 1899இல் ஹேக் நகரில் கூடிய நாடுகள் போரில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று அறிவித்தன. போர்க்களத்தில் எதிரிக்கு ஆகாது என்று விலக்கப்பட்டது வீட்டுக்காவலுக்கு உகந்ததாகப் பரிந்துரைக்கப்படுவது ஒரு விந்தை. ஆயினும் அவன் சொன்ன காரணம் பொய்யல்ல. குறி தவறினால் விரியும் தோட்டாவும் பலகையைத் துளைக்கத்தான் செய்யும் என்று மட்டும் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை.

அன்றிரவு என் நினைவு அலபாமா மாநிலத்தின் மான்ட்கமரி நகருக்குச் சென்றது. தெற்கு ஜாக்சன் தெரு, 309ஆம் எண் வீடு. டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் திருச்சபை தன் போதகருக்குக் கொடுத்திருந்த அந்த எளிய மரவீட்டில், 1956ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மார்ட்டின் லூதர் கிங் கைத்துப்பாக்கி வைத்திருந்தார். அப்போது அவருக்கு வயது 27. அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற கிங்கை அறிந்த பலருக்கு இந்தக் கிங்கைத் தெரியாது.

அட்லாண்டாவில் போதகர் குடும்பத்தில் பிறந்து, பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் பயின்ற அந்த இளைஞர் 1954இல் மான்ட்கமரிக்கு வந்தபோது போராட்டத் தலைவராகும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. 1955 டிசம்பர் 1 அன்று பேருந்தில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்து ரோசா பார்க்ஸ் கைதானார். நான்கே நாளில் பேருந்துப் புறக்கணிப்பு தொடங்கிற்று. ஊருக்குப் புதியவர், எந்தக் கோஷ்டியிலும் சேராதவர் என்ற தகுதியே அவரைத் தலைவராக்கியது என்பார்கள். இறையியல் கல்லூரியில் படித்த காலத்திலேயே காந்தியை அவர் வாசித்திருந்தார். வாசித்திருந்தார், அவ்வளவுதான். ஏட்டில் படித்த அகிம்சை வீட்டு வாசற்படி ஏறி உள்ளே வர இன்னும் காலம் இருந்தது.

ஜனவரி நடுவில் மிரட்டல் கடிதங்களும் தொலைபேசி அழைப்புகளும் நாளொன்றுக்கு 30, 40 என்று பெருகின. ஜனவரி 27 நள்ளிரவு வந்த ஓர் அழைப்புக்குப் பின் உறக்கம் வராமல் சமையலறையில் காப்பிக் கோப்பையுடன் தனியே அமர்ந்திருந்தார். கோழை என்ற பெயர் எடுக்காமல் இதிலிருந்து விலகுவது எப்படி என்றுதான் அப்போது யோசித்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார். அதை மறைக்காமல் எழுதியதற்காகவே எனக்கு அவர்மீது மதிப்பு அதிகம். அந்த மேசைமுன் பிரார்த்தனை செய்து எழுந்தபோது அச்சம் தணிந்திருந்தது என்பது அவர் சாட்சியம்.

மூன்று நாள் கழித்து, ஜனவரி 30 இரவு, அவர் பொதுக்கூட்டத்தில் இருந்தபோது வீட்டு முகப்பில் குண்டு வெடித்தது. காந்தி சுடப்பட்டு அன்றோடு எட்டாண்டு. முன்னறையில் இருந்த மனைவி கொரெட்டாவும் திருச்சபைத் தோழி ஒருவரும் ஏதோ வந்து விழுந்த ஓசை கேட்டுப் பின்பக்கம் விரைந்ததால் தப்பினர். பிறந்து பத்து வாரமே ஆன குழந்தை யொலாண்டா பின்னறையில் இருந்தது. கிங் வந்து சேர்ந்தபோது வீட்டெதிரே பெருங்கூட்டம். பலர் கையில் ஆயுதம். நகரத் தந்தையும் காவல் ஆணையரும் அங்கே இருந்தனர். சிதைந்த முகப்பில் நின்று, ஆயுதம் கொண்டுவந்தவர்கள் அதை வீட்டுக்கு எடுத்துச் செல்லும்படியும், கொண்டுவராதவர்கள் தேடிப்போக வேண்டாம் என்றும் கூட்டத்தைக் கேட்டுக்கொண்டார் கிங். கூட்டம் கலைந்தது.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிந்திய நாள்கள். ஊரை ஆயுதம் இன்றி வீட்டுக்கு அனுப்பிய அதே மனிதர், காரில் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கேட்டு ஷெரீஃப் அலுவலகப் படியேறினார். உரிமம் வழங்குவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம் என்று சட்டம் இருந்த மாநிலம் அது. கறுப்பினத் தலைவர் ஒருவருக்கு என்ன விடை கிடைக்கும் என்று சொல்லத் தேவையில்லை. உரிமம் மறுக்கப்பட்டது, வீட்டிலோ துப்பாக்கிகள் இருந்தன, காவலுக்கு வந்த நண்பர்களிடமும் இருந்தன. பிப்ரவரி இறுதியில் நியூயார்க்கிலிருந்து வந்த பேயார்ட் ரஸ்டின், உடன்வந்த பத்திரிகையாளர் வில்லியம் வொர்தி ஒரு நாற்காலியில் அமரப்போனபோது பதறித் தடுத்தார். இருக்கையில் துப்பாக்கி கிடந்தது. அடுத்து வந்த சமாதான ஊழியர் கிளென் ஸ்மைலி, அவ்வீட்டை ஆயுதக் கிடங்கு என்றே வருணித்து எழுதினார்.

கைக்குழந்தையுள்ள வீடு, விருந்தினர் ஓயாமல் வந்துபோகும் வீடு, நாற்காலியில் துப்பாக்கி. எந்தத் தோட்டா நல்லது என்னும் கேள்வி அங்கே எவ்வளவு சிறுத்துப்போகிறது! அக்கால அமெரிக்கக் காவலர்களின் ரிவால்வரில் பெரும்பாலும் இருந்தது .38 ஸ்பெஷல், அதன் குண்டு 158 கிரெய்ன், ஏறத்தாழ 10 கிராம் எடையுள்ள உருண்டைமுனை ஈயம். அத்தகைய குண்டை மரவீட்டின் உட்சுவர் தடுத்து நிறுத்தும் என்று நம்ப இடமில்லை. 1963இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில் மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் சுடப்பட்டபோது, அந்த ரைஃபிள் குண்டு அவர் உடலைத் துளைத்து, சன்னல் வழியே புகுந்து, உட்சுவரையும் கடந்து சமையலறைக் குளிர்பெட்டிவரை போயிற்று. அவரும் வீட்டில் துப்பாக்கிகள் வைத்திருந்தவர்தான். அவை கைக்கு எட்டும் தொலைவில் எதிரி வரவில்லை. கிங் வீட்டு வாசலுக்கு வந்த குண்டுக்கும் உள்ளே இருந்த கைத்துப்பாக்கி மறுமொழி ஆகியிருக்க முடியாது.

கொரெட்டாவுடன் கலந்து பேசி, தன்னிடமிருந்த துப்பாக்கியை விட்டுவிடுவது என்று கிங் முடிவு செய்தார். 1958இல் வெளியான அவருடைய முதல் நூலில் இந்த மாற்றம் சில நாள்களில் நிகழ்ந்ததுபோல் இருக்கிறது. வந்து கண்டவர்களின் பதிவுகளோ இன்னும் சில வாரங்கள் அவ்வீட்டில் ஆயுதம் இருந்ததைக் காட்டுகின்றன. எனக்கு இரண்டாவதே இயல்பாகத் தோன்றுகிறது. அச்சம் ஒரே நாளில் வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை. வீட்டைச் சுற்றிலும் ஒளிவிளக்குகள் பொருத்தப்பட்டன. ஆயுதமில்லாத காவலர்கள் இரவும் பகலும் முறைவைத்து நின்றனர். துப்பாக்கி வீட்டில் இருந்த காலத்தில்தான் தமக்கு அச்சம் மிகுதியாக இருந்தது என்றும், அதை விட்டபின் சாவு என்பதை நேருக்குநேர் எண்ணிப்பார்த்துத் தீர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று என்றும் அவர் எழுதினார்.

துப்பாக்கியை விட்டதால் ஆபத்து விட்டுவிடவில்லை. 381 நாள் நீண்ட புறக்கணிப்பு வெற்றியில் முடிந்த சில நாள்களிலேயே அவர் வீட்டு முன்கதவைத் துளைத்துக்கொண்டு வேட்டைத்துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. 1957 ஜனவரியில் அதே முகப்பில் வெடிக்காத டைனமைட் கட்டு ஒன்று கிடந்தது. 1958 செப்டம்பரில் நியூயார்க்கின் ஹார்லெமில் மனநிலை பிறழ்ந்த பெண்ணொருத்தி கடிதம் பிரிக்கும் கத்தியால் அவர் மார்பில் குத்தினாள். அவளிடம் தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கியும் இருந்தது. தண்டனையை விட அவளுக்குச் சிகிச்சையே தேவை என்றார் கிங். மறு ஆண்டு இந்தியா வந்தபோது கன்னியாகுமரியில் ஒரு திசையில் கதிரவன் மறைய மறுதிசையில் நிலவு எழுவதைக் கண்டு, அதைத் தம் பிரசங்கத்திலும் சொன்னார்.

தாம் துறந்ததை மற்றவர்மீது அவர் சட்டமாக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வட கரோலினாவின் ராபர்ட் வில்லியம்ஸ் ஆயுதத் தற்காப்பை வலியுறுத்தியபோது, 1959இல் கிங் எழுதிய மறுப்பில், தாக்கப்படும்போது தன்னைக் காத்துக்கொள்வதை எல்லாச் சமூகங்களும் ஏற்றிருக்கின்றன என்று ஒப்புக்கொண்டார். ஆயுதத்தை இயக்கத்தின் வழியாக்குவதையே எதிர்த்தார். 1966 மிசிசிப்பிப் பேரணிக்கு, லூசியானாவில் தோன்றிய ஆயுதக் காவல் குழுவினர் துணைவந்தபோது மனமின்றியே இசைந்தார். இதை முரண்பாடு என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தம் குழந்தையின் தொட்டில் இருந்த வீட்டில் ஒருமுறை துப்பாக்கி வைத்துப் பார்த்த மனிதர், அடுத்தவர் வீட்டுத் துப்பாக்கியை எளிதில் பழித்துவிட முடியாது.

1968 ஏப்ரல் 4 அன்று மெம்பிஸ் நகர விடுதியின் மாடத்தில் நின்றவரை எதிர்க்கட்டடத்திலிருந்து வந்த ஒற்றை ரைஃபிள் குண்டு வீழ்த்தியது. 1974 ஜூன் 30 அன்று அட்லாண்டா தேவாலயத்தில் ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த அவருடைய தாயாரையும் துப்பாக்கி கொன்றது. தகப்பனார் அதற்குப் பின்னும் பத்தாண்டு வாழ்ந்தார்.

ஜாக்சன் தெரு வீடு இப்போது அருங்காட்சியகம். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே போயிருந்தேன். முகப்புத் தளத்தில் குண்டு விழுந்த இடத்தைக் குறித்திருக்கிறார்கள், கையகலப் பள்ளம்தான். உள்ளே அந்தச் சமையலறை மேசையருகே வெகுநேரம் நின்றேன். இவற்றையெல்லாம் அண்ணன் மகனுக்கு ஒரு மாலையில் சொன்னேன். ரிவால்வரை அவன் விற்கவில்லை, விற்கும்படி நான் கேட்கவுமில்லை. தோட்டாப் பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை என்றான். குழந்தை அழும் சத்தம் கேட்கவே, அப்புறம் பேசுவதாகச் சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டான்.