கொள்ளைநோயை எதிர்த்த ஹாஃப்கின்

மாணவர்களே! நம் மும்பையின் பரேல் பகுதியில் ஹாஃப்கின் நிறுவனம் என்னும் பழமையான ஆய்வுக்கூடம் உள்ளது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய இடங்களில் வாழும் நமக்கு அது தொலைவில் இல்லை. அப்பெயருக்கு உரியவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

வால்டெமர் ஹாஃப்கின் 1860-ஆம் ஆண்டு ஒடெசா நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அவர் கற்றது விலங்கியல். மருத்துவப் பட்டம் அவருக்கு இல்லை. பாரிசு நகரின் பாஸ்டர் நிறுவனத்தில் முதலில் நூலகராகவே பணியேற்றார். ஓய்வு நேரங்களில் ஆய்வுக்கூடத்தில் உழைத்து, 1892-இல் காலராத் தடுப்பூசியை உருவாக்கினார். மறு ஆண்டு இந்தியாவுக்கு வந்தார்.

1896-இல் மும்பையின் மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் தோன்றியது. மக்கள் கூட்டங்கூட்டமாக நகரைவிட்டு வெளியேறினர். அரசின் அழைப்பை ஏற்று வந்த ஹாஃப்கின், பைகுல்லாவில் உள்ள கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் சிற்றிடம் ஒன்றைப் பெற்று ஆய்வைத் தொடங்கினார்.

அந்நோயை உண்டாக்கும் பாக்டீரியாவை யெர்சின் என்பவர் 1894-இல் ஆங்காங்கில் கண்டறிந்திருந்தார். பாக்டீரியா ஒரே செல்லால் ஆன உயிர். அதற்குச் செல்சுவர் உண்டு; சவ்வு சூழ்ந்த உட்கரு இல்லை. நிறமற்றதாதலால் நுண்ணோக்கியிலும் அது தெளிவாகத் தெரியாது. சாயம் ஏற்றியே காண வேண்டும். பிளேக் பாக்டீரியா குறுகிய கோல் வடிவினது. தகுந்த சாயம் ஏற்றினால் அதன் இரு முனைகளும் அடர்ந்தும் நடுப்பகுதி வெளிறியும், மூடிய ஊக்குப் போலத் தோன்றும்.

ஹாஃப்கின் ஆட்டிறைச்சிச் சாற்றில் நெய்த்துளிகளை மிதக்கவிட்டு அப்பாக்டீரியாவை வளர்த்தார். பின்பு வெப்பத்தால் அதனைக் கொன்று தடுப்பூசியாக்கினார். 1897 சனவரி 10-ஆம் நாள், பிறருக்கு அளிக்க எண்ணியதைவிட மிகுந்த அளவில் அதனைத் தம் உடலிலேயே செலுத்திக்கொண்டார். காய்ச்சல் கண்டபோதும் பணியை நிறுத்தவில்லை. அதன் பின்னரே பைகுல்லாச் சிறையில் விருப்பத்துடன் முன்வந்தோருக்கு ஊசி போடப்பட்டது. 1899-இல் அவரது ஆய்வுக்கூடம் பரேலின் பழைய அரசு மாளிகைக்கு மாறியது.

1902 அக்டோபரில் பஞ்சாபின் முல்கோவால் சிற்றூரில் பெருந்துயர் நேர்ந்தது. ஒரே புட்டியிலிருந்து ஊசி பெற்ற 19 பேர் டெட்டனஸ் நோயால் இறந்தனர். பழி ஹாஃப்கின்மீது விழுந்தது. அவர் பதவியை இழந்தார்.

டெட்டனஸ் பாக்டீரியாவும் கோல் வடிவினதே. எனினும் 1884-இல் கிராம் வெளியிட்ட சாய முறை இரண்டையும் பிரித்துக் காட்டும். தடித்த செல்சுவர் கொண்ட டெட்டனஸ் பாக்டீரியா ஊதா நிறத்தைத் தக்கவைக்கும். மெல்லிய சுவர் கொண்ட பிளேக் பாக்டீரியா அதனை இழந்து சிவப்பு ஏற்கும். மேலும், டெட்டனஸ் பாக்டீரியாவின் ஒரு முனையில் முரசுக்கோலின் குமிழ் போன்ற வித்து உருவாகும். மண்ணில் நெடுநாள் கிடந்தாலும் அவ்வித்து அழியாது.

அவ்வூரில் புட்டியைத் திறக்கப் பயன்பட்ட இடுக்கி மண்ணில் விழுந்ததும், அது முறைப்படி தூய்மை செய்யப்படாமல் மீண்டும் பயன்பட்டதும் பின்னர் கவனிக்கப்பட்டன. மலேரியா ஆய்வாளர் ரொனால்டு ராஸ் முதலிய அறிஞர்கள் அவருக்காக வாதாடினர். 1907-இல் பழி நீங்கியது. ஆயினும் பரேலின் தலைமைப் பொறுப்பு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. கொல்கத்தாவில் பணியாற்றி 1914-இல் ஓய்வு பெற்றார். 1925-இல் பரேல் ஆய்வுக்கூடத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார்.

பிளேக் நோய்க்குப் பின், நகர நெரிசலைக் குறைக்க 1898-இல் மும்பை மேம்பாட்டு அமைப்பு தோன்றியது. நம்மவர் பலர் குடியேறிய மாட்டுங்கா அவ்வமைப்பின் திட்டத்தால் வளர்ந்ததாகும். நோயின் காரணத்தை அறிய நுண்ணோக்கியில் பொறுமையாக நோக்குகிறோம். ஒருவரைக் குற்றவாளி எனக் கூறுமுன்னும் அதே பொறுமை வேண்டும் என்பதை ஹாஃப்கினின் வாழ்வு உணர்த்துகிறது.

பயிற்சி

1. பாக்டீரியாவுக்குச் சாயம் ஏற்றுவது ஏன்?
2. பிளேக், டெட்டனஸ் பாக்டீரியாக்களுக்கு இடையேயுள்ள வேறுபாடுகள் இரண்டினை எழுதுக.
3. முல்கோவால் நிகழ்ச்சி ஆய்வாளர்க்கும் அதிகாரிகளுக்கும் கற்பிப்பது யாது? ஐந்து வரிகளில் எழுதுக.