கணபதியின் பெயருக்கு விடுதலை

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். பால்மரம் சீவிய எம் முன்னோரின் கூலி உயரப் போராடியவர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சை மாவட்டத்தின் தம்பிக்கோட்டையில் 1912இல் பிறந்து, சிறுவயதிலேயே சிங்கப்பூர் வந்தவர். இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றியவர். போருக்குப் பின் அகில மலாயா தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1948 ஜூனில் ஆங்கிலேயர் அச்சம்மேளனத்தை முடக்கினர். துப்பாக்கி வைத்திருந்தார் எனக் குற்றஞ்சாட்டி, இந்திய அரசு கருணை கோரியும் கேளாமல், 1949 மே 4இல் புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டனர். அதற்கு முந்திய நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் எங்கள் மாநிலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பழிநீக்கம் என்பது பழைய தீர்ப்பைத் திருத்துவது மட்டுமன்று. பயங்கரவாதி என்ற ஒரே சொல்லுக்குள் ஒருவரைப் புதைத்தால், அவர் கேட்ட நியாயமான கூலியும் உடன் புதைகிறது. கணபதியைத் தொழிலாளர் தலைவராக நம் தம்பி தங்கையருக்கு அறிமுகப்படுத்துவோம். அந்த மீட்பு நம் கையில்தான் இருக்கிறது, தோழர்களே!