எலிசபெத் கூல்டு அம்மையார்

ஆஸ்திரேலியாவின் வடபுறத்துப் புல்வெளிகளிலே ஒரு சிறு குருவி உண்டு. அதன் முதுகு பச்சை; மார்பு ஊதா; வயிறு மஞ்சள். தலையோ பலவற்றிற்குக் கருமை, சிலவற்றிற்குச் செம்மை, மிகச் சிலவற்றிற்கே மஞ்சள். புல்விதையே அதன் உணவு. கூல்டு அம்மையாரின் பெயரால் வழங்கும் அக்குருவியைக் கூட்டில் வளர்ப்போர் பல நாடுகளிலும் உளர்; அம்மையாரை அறிந்தோரோ சிலரே. ஆதலின் அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

எலிசபெத் 1804ஆம் ஆண்டில், இங்கிலாந்திலுள்ள ராம்ஸ்கேட் என்னுங் கடற்கரையூரிற் பிறந்தார். இளமையில் இலண்டனில் ஒரு செல்வர் மனையிலே பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லும் ஆசிரியையாயிருந்து, தனிமையால் மிக வருந்தினார். 1829இல், இலண்டன் விலங்கியற் கழகத்தில் இறந்த பறவைகளைப் பாடஞ்செய்யுந் தொழிலிலிருந்த ஜான் கூல்டை மணந்தார். ஜானுக்கு ஊக்கமும் வாணிகத் திறனும் மிகுதி. அவர் கீறித் தந்த குறிப்புக்களை உயிருள்ள ஓவியமாக்கிய கையோ மனைவியுடையது. நம் நாட்டு இமயமலைப் பறவைகளின் தோல்கள் இலண்டன் சேர்ந்தபோது, அவற்றைக் கண்டு 80 படங்களைக் கல்லச்சிற்கு வரைந்தவர் இவரே. டார்வின் கலாப்பகாஸ் தீவுகளிலிருந்து கொணர்ந்த குருவிகள், அலகால் வேறுபட்டும் ஒரு குடியினவே என 1837இல் துணிந்தவர் ஜான். அவ்வலகுகளின் வேற்றுமை கண்ணுக்குப் புலனாகுமாறு படத்தில் அமைத்தவர் எலிசபெத்.

1838இல் கணவருடன் ஆஸ்திரேலியா செல்ல நேர்ந்தது. மூத்த மகனை மட்டும் உடன்கொண்டு, இளங்குழந்தைகள் மூவரைத் தம் தாயாரிடம் விட்டுக் கப்பலேறினார். இப்பிரிவை எண்ணுந்தோறும் எமக்கு ஜான் கூல்டின்மீது சிறிது சினம் உண்டாதல் மெய். கணவர் காடு மலையெல்லாந் திரிய, அம்மையார் ஹோபார்ட் நகரில் தங்கிப் பறவைகளையும் செடிகொடிகளையும் வரைந்தார். ஆங்கே மற்றோர் ஆண்மகவையும் ஈன்றார். 1840இல் இங்கிலாந்து மீண்டு, விட்டுவந்த மக்களைக் கண்டார். ஓராண்டே கழிந்தது. 1841 ஆகஸ்டு 15ஆம் நாள், எட்டாம் மகப்பேற்றையடுத்து வந்த சுரத்தால் 37ஆம் வயதில் உயிர்நீத்தார். அவர் கைப்பட்ட படங்கள் 600க்கு மேல்.

1844இல் ஜான் கூல்டு அவ்வழகிய குருவிக்கு மனைவியின் பெயரையிட்டார். அது வாழும் வடபுலத்திற்கு அம்மையார் சென்றதில்லை. அதன் படத்தைத் தீட்டும் பேறும் வேறொரு கைக்கே வாய்த்தது.

அக்குருவி யூக்கலிப்டஸ் மரப்பொந்துகளிலே முட்டையிடுவது. மழை தொடங்கியவுடன் நிலத்தில் உதிர்ந்து கிடந்த விதைகள் முளைத்துவிட, புதுப்புல் விதைக்குங்காறும் அதற்கு உணவு அரிதாகும். கோடையிறுதியிற் பரவும் பெருந்தீயும், கால்நடைகளின் மேய்ச்சலும் அப்புல்லையும் குறைத்தன. 1980களின் தொடக்கம்வரை அதனைப் பிடித்து விற்றலும் நடந்தது. பின்னர் ஆஸ்திரேலியச் சட்டம் அதனை அழியும் நிலையிலுள்ள இனமாகக் குறித்தது. பொந்துகள் அருகிய காடுகளிலே அறிஞர் மரப்பெட்டிகளைக் கட்டிவைத்தனர். குருவிகள் அவற்றினுள்ளும் புகுந்து குஞ்சு பொரித்தன.