பியானோக்காரரின் சமாதி

கச்சேரி சுவரொட்டியில் பாடகர் பெயர் பெரிதாக இருக்கும். பக்கவாத்தியக்காரர் பெயரை யார் தேடிப் படிக்கிறார்கள்?

ஓட்டிஸ் ஸ்பேன் அப்படி ஒரு பக்கவாத்தியக்காரர். அமெரிக்காவில் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து, சிகாகோ நகரத்துக்குப் போனவர்.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோகப்பாட்டுக்கு "புளூஸ்" என்று பெயர். அதற்குப் பியானோ வாசிப்பதில் ஸ்பேன் மகா கெட்டிக்காரர். செஸ் கம்பெனிக்காக மடி வாட்டர்ஸ், ஹௌலிங் உல்ஃப் ஆகியோர் பாடிய இசைத்தட்டுகள் பலவற்றில் கேட்கும் பியானோ அவருடையதுதான். மடி வாட்டர்ஸ் குழுவில் மட்டும் சுமார் 15 ஆண்டுகள் வாசித்தார்.

1960-ம் ஆண்டு ஜூலை மாதம் நியூபோர்ட் நகரத்தில் பெரிய இசை விழா நடந்தது. உள்ளே இடம் கிடைக்காத வாலிபர்கள் கலாட்டா செய்தார்கள். போலீசார் கண்ணீர்ப்புகை வீசினார்கள். விழாவை மூட உத்தரவு வந்துவிட்டது!

மறுநாள் கடைசிக் கச்சேரி. கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ், விழாவுக்கு விடைகொடுத்து அங்கேயே ஒரு பாட்டு எழுதினார். அதைப் பாடியது யார் தெரியுமா? மடி வாட்டர்ஸ் அல்ல. பியானோவில் இருந்த ஸ்பேன்!

1970-ம் ஆண்டு ஏப்ரல் 24-ந் தேதி கல்லீரல் புற்றுநோயால் அவர் இறந்தார். சிகாகோவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். சமாதியில் பெயர் பொறித்த ஒரு கல்கூட இல்லை. எத்தனையோ பேரைத் தூக்கிவிட்டவருக்கு இந்தக் கதி!

29 ஆண்டுகள் கழிந்தன. 1999-ம் ஆண்டில்தான் ரசிகர்கள் பணம் திரட்டி, ஓட்டிஸ் ஸ்பேன் என்று பெயர் வெட்டிய கல்லை அங்கே வைத்தார்கள்.