சுவடி காத்த கர்னல் மெக்கன்சி

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1754ஆம் ஆண்டு பிறந்தவர் காலின் மெக்கன்சி. 1783இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பணி ஏற்றுச் சென்னைக்கு வந்தார். மதுரையில் பண்டிதர்களோடு பழகிய நாட்களிலேயே இந்நாட்டுப் பழஞ்சுவடிகளைத் திரட்டும் எண்ணம் அவருக்கு அரும்பியது.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. நிலத்தை அளந்தவர், அந்நிலத்தை ஆண்டோர் வரலாற்றையும் தேடினார். ஆனால் நம் மொழிகளில் அவருக்குப் பயிற்சி இல்லை. அக்குறையை நிறைத்தவர்கள் காவலி வெங்கட போரய்யா, அவர் தம்பி லட்சுமய்யா, சமணப் பண்டிதர் தர்மய்யா ஆகியோர். பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் படித்துப் பொருள் உரைத்தவர் தர்மய்யாவே. 1816இல் தாமஸ் ஹிக்கி தீட்டிய மெக்கன்சியின் ஓவியத்தில், இந்தியத் துணைவர்கள் மூவர் உடன் நிற்க, தொலைவில் கோமடேசுவரர் திருவுருவம் காட்சி தருகின்றது.

அதே 1799இல், சமணச் சிற்பங்கள் நிறைந்த கழுகுமலைக்குத் தொலைவில்லாத ஏழாயிரம்பண்ணையும், பாஞ்சாலங்குறிச்சி முதலிய பாளையங்களும் கம்பெனியாரால் பறிக்கப்பட்டன. அரண்மனை அழிந்தால் அதன் வம்சாவளி ஏடும் சிதறிவிடும். அத்தகைய காலத்தில்தான் மெக்கன்சியின் ஆட்கள் ஊர் ஊராகச் சென்று பாளையக்காரர் வம்சாவளிகளையும், கோயில் வரலாறுகளையும், கல்வெட்டுப் படிகளையும் சேர்த்தனர். நாட்டைப் பறித்த ஆட்சியின் அலுவலரே அதன் நினைவைக் காத்தவருமானார்.

1815இல் இந்தியா முழுமைக்கும் தலைமை நில அளவையாளராக உயர்ந்த அவர், 1821 மே 8ஆம் நாள் கல்கத்தா அருகே காலமானார். அவருடைய தொகுப்பை அரசு ஒரு லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. 1828இல் வில்சன் வெளியிட்ட அட்டவணை 1568 சுவடிகளையும் 8076 கல்வெட்டுப் படிகளையும் கணக்கிடுகின்றது. தென்மொழிச் சுவடிகள் சென்னைக்குத் திரும்பி, இன்று அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளன.

சமணத்தைப் போற்றிய கங்க மன்னர்களை விவரிக்கும் கொங்குதேச ராஜாக்கள் வரலாறும் அத்தொகுப்பைச் சேர்ந்ததே. அதன் அரச வரிசையைப் பிற்கால அறிஞர்கள் கல்வெட்டுகளோடு ஒப்பிட்டு, கொள்வன கொண்டு தள்ளுவன தள்ளினர். ஏடு எஞ்சியமையால்தான் அந்த ஆராய்ச்சி இயன்றது.

நால்வகைத் தானங்களுள் ஒன்று சாத்திர தானம். சுருத பஞ்சமியன்று ஏடுகளைத் தூய்மை செய்து வணங்கும் மரபினர் நாம். நம் இல்லப் பேழைகளில் உறங்கும் ஓலைகளைச் செல்லுக்கு இரையாக்காமல், படிக்க வல்லாரிடம் காட்டிப் படியெடுத்து வைப்பதே தர்மய்யாவுக்கு நாம் செய்யும் நன்றியாகும்.